அரக்கர் குழந்தையை என்ன செய்வது?

(தாம்பரத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைத் தாண்டி இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. விளையாட்டில் வரும் அரக்கர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஒருங்கிணைத்த தோழர் கொஞ்சம் தயங்கினார். "நாட்டில் இவ்வளவு பிரச்சினை இருக்கிறப்ப, பேய் விளையாட்டைப் பத்தியா தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் உரை முடிந்ததும் அவரே பதில் சொல்லட்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடியவர்கள் கை தூக்குங்கள். ஏழெட்டுக் கைகள் தெரிகின்றன. சரி, மற்றவர்களுக்காக இரண்டு நிமிடம் விளக்கிவிடுகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய விளையாட்டு இது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். வாள்வீரன், மந்திரவாதி, திருடன், கோயில் பூசாரி என்று யாராகவும் இருக்கலாம். கோட்டையும் காடும் டிராகனும் நிறைந்த, ஐரோப்பிய இடைக்காலம் போன்ற கற்பனை உலகம். 'கதவை உடைக்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். வெற்றியா தோல்வியா என்பதை எண் சொல்லும். இதில் யார் எதிரி என்பதைச் சொல்ல ஒரு தனிப் புத்தகமே இருக்கிறது. மான்ஸ்டர் மேனுவல் என்று பெயர். முதல் பதிப்பு 1977இல் வந்தது. ஓர்க், காப்ளின், பூதம், பேய் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நம் ஊர் ராட்சசனும் இருக்கிறான். புலித்தலையோடு, உள்ளங்கை வெளிப்பக்கமாகத் திரும்பிய கைகளோடு நிற்பான்.

குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஐந்து பேர் மாதம் இரண்டு முறை கூடி இதை விளையாடுகிறோம். தமிழில்தான். போன வருடம் ஒரு நாள் ஆட்டத்தில் காப்ளின்கள் இருந்த குகைக்குள் போனோம். சண்டை போட்டோம், ஜெயித்தோம். உள்ளே இன்னொரு அறை இருந்தது. கதை நடத்தியவர், "அங்கே ஏழு காப்ளின் குழந்தைகள் மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எங்களில் ஒரு நண்பர், நல்ல மனிதர், அம்பேத்கர் படித்தவர், சட்டென்று சொன்னார்: "முடிச்சிடலாம். வளர்ந்தா நம்மளத்தானே வெட்டப்போகுது."

எங்கள் குழுவில் பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒரு தோழி இருக்கிறார். அவர் பகடையைக் கீழே வைத்துவிட்டார். "எங்க பிளாக் பசங்களைப் பத்தியும் இதேதான்பா சொல்லுவாங்க" என்றார். அன்று அதற்கு மேல் யாராலும் விளையாட முடியவில்லை.

பெரும்பாக்கத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் வரிசையாக நிற்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை, அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக, இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பெரும்பகுதி தலித் மக்கள். வேலை நகரத்துக்குள், வீடு நகரத்துக்கு வெளியே. எங்கள் தோழி ஒரு நிறுவனத்துக்கு வேலைக்குப் போனபோது முகவரியைப் பார்த்துவிட்டு, "அந்த ஏரியாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். வேலை கிடைக்கவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் மேடவாக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டு முகவரியை எழுதினார். வேலை கிடைத்தது. பட்டமும் மதிப்பெண்ணும் அதேதான். மாறியது முகவரி மட்டும்.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு குணநிலை குறித்திருக்கும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா, கட்டுப்படாதவரா என்பது ஒரு பக்கம். நல்லவரா, தீயவரா என்பது இன்னொரு பக்கம். நடுநிலையும் சேர்த்து மொத்தம் ஒன்பது கட்டங்கள். நீங்கள் விளையாடும் பாத்திரத்துக்கு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எதிரிக்கு அந்த உரிமை கிடையாது. புத்தகம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதை இன்னும் துல்லியமாக்கினார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் நேராக 'எப்போதும் தீயது', 'பெரும்பாலும் தீயது', 'பல நேரம் தீயது' என்று குறிப்பு. வாசிக்கும்போது காவல் நிலையப் பதிவேடு போலவே இருக்கும்.

பிறந்த குழந்தை எதுவும் செய்வதற்கு முன்பே அதன் குணத்தை எழுதிவைப்பதற்கு நம் நாட்டில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதியவர்களுக்கு விளைவு தெரியாமல் இல்லை. 2005இல் கைகாக்ஸிடம் இதே கேள்வி வந்தது. பாலடின் என்றொரு பாத்திரம் உண்டு. அறத்துக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்ட புனித வீரன். அவன் சண்டைக்கு வராத எதிரிகளைக் கொல்லலாமா? கொல்லலாம் என்பதுதான் கைகாக்ஸின் நிலை. அதற்கு அவர் துணைக்கு அழைத்தது ஜான் சிவிங்டன் என்ற அமெரிக்கக் கர்னலோடு சேர்த்துச் சொல்லப்படும் பழமொழியை: ஈர்தான் பேனாகும். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயன், அரப்பஹோ பழங்குடிகளின் குடியிருப்பைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர் அந்தக் கர்னல். அங்கே கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

ஈரும் பேனும் நம் பழமொழியிலும் உண்டு. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கி என்று ஊதிப் பெருக்குபவரைக் கேலி செய்வோம். ஒரு குழந்தையைப் பார்த்ததும் நாளைய கொலைகாரனாக ஊதிப் பெருக்குகிறவன் செய்வதும் அதுதான். ஆனால் அது கேலியோடு நிற்பதில்லை.

1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லக்ஷ்மண்பூர் பாத்தே கிராமத்தில் ரன்வீர் சேனை 58 தலித் மக்களைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். குழந்தைகளை ஏன் கொன்றீர்கள் என்பதற்கு அந்தச் சேனையினர் சொன்ன காரணத்தை மனித உரிமை அமைப்பின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. குழந்தைகள் வளர்ந்தால் நக்சலைட் ஆவார்கள், பெண்கள் நக்சலைட்டைப் பெறுவார்கள் என்றார்கள். 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் விடுதலை செய்தது.

குரோம்பேட்டை மாடியில் பகடையோடு இருந்த என் நண்பரும் ரன்வீர் சேனைக்காரரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. என் நண்பர் ஒரு எறும்பை மிதிக்கவும் யோசிப்பவர். நான் கவலைப்படுவது வேறு. அந்த வாக்கியம் அவ்வளவு நல்லவரின் வாயிலும் தயாராக இருந்தது. அதை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

புத்தகம் கொடுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் புத்தகம் எழுதும் வேலையை நம் மண்ணில் அதற்கு முன்பே அரசாங்கம் செய்தது. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911 திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் என்று சமூகம் சமூகமாகப் பட்டியலில் ஏற்றினார்கள். பிறந்தாலே சந்தேகத்துக்குரியவர். கைரேகை பதிய வேண்டும், இரவில் ஊரைவிட்டு நகரக் கூடாது, ஆஜர் கொடுக்க வேண்டும். இந்த விதிகளை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டுக் கொன்றது. குறவர்களைத் தனிக் குடியேற்றங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் அப்படி உருவான ஊர்தான். 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அந்தச் சட்டம் போனது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் அடுத்த சட்டங்கள் வந்து உட்கார்ந்தன.

அது எவ்வளவு நாள் உயிரோடு இருந்தது என்று பாருங்கள். 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறை விதிப்புத்தகங்களில் இருந்த சாதிப் பாகுபாட்டை ரத்து செய்தது. இன்ன சாதிக் கைதி சமைக்க வேண்டும், இன்ன சாதிக் கைதி கழிவறை சுத்தம் செய்ய வேண்டும் என்று பல மாநிலங்களின் விதிகளில் எழுதியே இருந்தது. சீர்மரபினரைப் பிறவியிலேயே குற்றம் செய்யும் பழக்கம் உள்ளவர்களாகப் பார்க்கும் வரிகளும் இருந்தன. சிறைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொன்னது நீதிமன்றம். 'எப்போதும் தீயது' என்பது கற்பனை உலகத்து வரி மட்டும் அல்ல. நமது அரசாங்கப் புத்தகத்து வரி.

சட்டப் புத்தகத்துக்கும் முந்தைய ஒரு புத்தகம் நம்மைச் சுற்றியே இருக்கிறது. இங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகப் போனால் திருப்போரூர். முருகன் அசுரரோடு திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் விண்ணிலும் போரிட்டதாகப் புராணம். போர் முடிந்து திருத்தணிக்குப் போகிற வழியில் தங்கிய மலை என்று பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம் குன்றத்தூரைச் சொல்வார்கள். அரக்கர்களை அழித்த போரின் வரைபடத்தின் மேல்தான் நாம் மின்சார ரயிலும் மாநகரப் பேருந்தும் ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு வருடமும் சூரசம்ஹாரம் பார்க்கிற குழந்தை சூரனின் தலை விழும்போது கைதட்டுகிறது. நானும் தட்டியிருக்கிறேன்.

யார் அந்த அரக்கர்கள் என்ற கேள்வியை நம் முன்னோடிகள் எப்போதோ கேட்டுவிட்டார்கள். 1873இல் 'குலாம்கிரி' எழுதிய ஜோதிராவ் புலே, பலிச் சக்கரவர்த்தியை உழைக்கும் மக்களின் அரசனாக வாசித்தார். அயோத்திதாசர் நம் பண்டிகைகளுக்குப் பௌத்த வேர்களைத் தேடினார். பெரியார் ராமாயணப் பாத்திரங்களை மேடை மேடையாக விசாரித்தார். புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' வெளியிட்டார். 1948இல் அன்றைய அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. 1974 டிசம்பர் 25 அன்று மணியம்மையார் தலைமையில் சென்னையில் ராவண லீலா நடந்தது. ஜார்க்கண்டில் இரும்பு உருக்கும் தொழிலைப் பாரம்பரியமாகக் கொண்ட அசுர் என்ற பழங்குடியே இருக்கிறது. நாடு துர்கா பூஜை கொண்டாடும் நாட்களில் அவர்களில் பலர் துக்கம் காக்கிறார்கள்.

இந்த மறுவாசிப்பு நமக்குப் பெரிய ஆயுதம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் போதாது என்று நினைக்கிறேன். காரணம், அரக்கனை உருவாக்குகிறவர்களுக்கு இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலுக்கு விபீஷணன் என்று பெயர்.

விளையாட்டிலும் ஒரு விபீஷணன் உண்டு. ட்ரௌ என்று பூமிக்கடியில் வாழும் கறுத்த தோல் கொண்ட இனம். தீயவர்களாகவே எழுதப்பட்ட இனம். 1988இல் வந்த ஒரு நாவலில் ட்ரிஸ்ட் என்ற நல்ல ட்ரௌ வந்தான். தன் மக்களை விட்டு வெளியேறியவன், மேலே உள்ளவர்களுக்காகப் போராடுகிறவன். வாசகர்கள் கொண்டாடினார்கள். அவனால் ட்ரௌ இனத்துக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. ஒருவன் விதிவிலக்கு என்றால், விதி அப்படியே இருக்கிறது என்றுதானே பொருள்? "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று நம்மிடம் பாராட்டாகச் சொல்வார்களே, அந்தப் பாராட்டில் மாட்டிக்கொண்டவன்தான் விபீஷணனும் ட்ரிஸ்ட்டும். உங்களில் பலருக்கு அது கல்லூரியில் கிடைத்திருக்கும். சிலருக்கு அலுவலகத்தில் கிடைத்திருக்கும். அதற்கு நன்றி சொல்லி நகர்ந்த நாளும் இருக்கும்.

இன்னொரு பதில், பெயரை மாற்றுவது. விளையாட்டின் வரலாற்றில் இது மூன்று முறை நடந்திருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் மதவாதக் குழுக்கள் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தானிடம் அழைத்துப் போகிறது என்று கிளம்பின. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு டெமன், டெவில் என்ற சொற்களைக் கைவிட்டு வாயில் நுழையாத வேறு பெயர்கள் வைத்தது. கொம்பும் வாலும் அப்படியே இருந்தன. 2000இல் பழைய பெயர்கள் திரும்பின. அடுத்து 2020 ஜூன். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்தது. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், ஓர்க்கையும் ட்ரௌவையும் பிறவித் தீயவர்களாகக் காட்டியது நிஜ உலகில் இன மக்களை இழிவுபடுத்தியதைப் போலவே இருந்தது என்று ஒப்புக்கொண்டது. மூன்றாவதாக, 2024 பதிப்பில் 'ரேஸ்' என்ற சொல்லே போய் 'ஸ்பீஷீஸ்' என்ற சொல் வந்தது.

இதைக் கேட்டதும் சிரிப்பு வருகிறதா? நம் வீட்டையும் பார்ப்போம். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். இரண்டையும் நான் வரவேற்கிறேன். சொல் காயப்படுத்தும், அதனால் சொல்லை மாற்றத்தான் வேண்டும். ஆனால் வாரியத்தின் பெயர் மாறிய பிறகும் பெரும்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவர் அதே நேரத்துக்குத்தான் எழ வேண்டும்.

பெயர் மாற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு மாற்றங்கள். ஒன்று, 2016இல் வந்த ஒரு புத்தகத்தில் ஓர்க் பாத்திரம் எடுத்தால் அறிவில் இரண்டு புள்ளி பிறப்பிலேயே குறைத்திருந்தார்கள். 2020இல் அந்தக் கழித்தலை நீக்கினார்கள். இரண்டு, 2024 பதிப்பில் ஓர்க் எதிரிகளின் புத்தகத்திலிருந்து வெளியேறி, விளையாடுபவர்களின் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. இனி ஓர்க் பற்றி எழுத வேண்டும் என்றால் ஓர்க்காக உட்கார்ந்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். புள்ளியில் கழித்ததைத் திருப்பிக் கொடுப்பது, மேசையில் நாற்காலி போடுவது. இட ஒதுக்கீடு பற்றி யாராவது 'தகுதி, திறமை' என்று ஆரம்பித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கழித்து எழுதிய தாளை வைத்துக்கொண்டு யாரும் தகுதி பேச முடியாது.

விளையாட்டிலேயே இருந்து இன்னொரு காட்சி. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். அதில் டீஃப்ளிங் என்ற மக்கள் வருவார்கள். எங்கோ ஒரு மூதாதையின் நரகத் தொடர்பால் கொம்பும் வாலுமாகப் பிறப்பவர்கள். அவர்கள் வாழ்ந்த நகரத்துக்கு நேர்ந்த கேட்டுக்கு அவர்கள்தான் காரணம் என்று விரட்டப்பட்டு, அகதிகளாக ஒரு புனிதத் தோப்பில் ஒதுங்கியிருப்பார்கள். அங்கே ஒரு டீஃப்ளிங் சிறுமி தெய்வச் சிலையை எடுத்துவிட்டாள் என்று பிடித்து வைத்திருப்பார்கள். காவலுக்கு ஒரு பாம்பு. நீங்கள் பேசி மீட்கவில்லை என்றால் அந்தக் குழந்தை செத்துவிடும்.

அந்தக் காட்சியை ஆடும்போது எனக்குக் கர்நாடகத்தின் உள்ளேரஹள்ளி நினைவுக்கு வந்தது. கோலார் மாவட்டம், மாலூர் வட்டம். 2022 செப்டம்பரில் அங்கே ஒரு தலித் சிறுவன் ஊர்வலச் சாமியின் கம்பைத் தொட்டுவிட்டான். குடும்பத்துக்கு 60,000 ரூபாய் அபராதம் என்று ஊரில் தீர்ப்பு. அந்தச் சிறுவன் திருடக்கூட இல்லை, தொட்டான். அந்தத் தாய் தன் வீட்டுச் சுவரிலிருந்த சாமி படங்களை எடுத்துவிட்டு அம்பேத்கர் படத்தை மாட்டினார். விளையாட்டில் அந்தச் சிறுமியைக் காப்பாற்ற இருபதுமுகப் பகடை உருட்ட வேண்டும். அந்தத் தாய் பகடைக்குக் காத்திருக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓர்க்கும் காப்ளினும் டீஃப்ளிங்கும் போகட்டும். உண்மையான அரக்கர்கள் அந்த உலகத்தில் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இரண்டு வகை. டெமன், டெவில் என்று இரண்டு பெயர்கள். நமக்கு இரண்டும் பேய்தான். விளையாட்டில் இரண்டும் ஒன்றுக்கொன்று பரம விரோதிகள்.

டெமன் என்பது ஒழுங்கற்ற தீமை. அடியற்ற பாதாளத்தில் கூட்டமாகத் திரிவது, வெறிபிடித்து எல்லாவற்றையும் உடைப்பது. டெவில் என்பது ஒழுங்கான தீமை. அதற்கு ஒன்பது அடுக்கு நரகம் உண்டு. எழுதிய சட்டம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, பதவி வரிசை உண்டு. தீய மனிதன் செத்தால் அவன் ஆன்மா அங்கே அடிமட்டத்தில் உருக்குலைந்த சதைப் பிண்டமாகப் பிறக்கும். முற்பிறவியில் செய்ததற்கு இந்தப் பிறவியில் இந்த உடம்பு. பிறகு பதவி உயர்வு. கொஞ்சம் மேலே போனால் தனக்குக் கீழே உதைக்க ஒருவன் கிடைப்பான். மேலே இருப்பவனுக்குப் பணிய வேண்டும், கீழே இருப்பவனை மிதிக்கலாம். ஆகவே யாரும் நரகத்தைக் கவிழ்க்க நினைப்பதில்லை. அடுத்த படிக்குப் போவது எப்படி என்று மட்டுமே நினைக்கிறார்கள்.

அம்பேத்கர் படித்தவர்களுக்கு இந்த நரகம் புதிதாக இருக்காது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அவர் சொன்னது இதைத்தான். சாதி நிற்பதற்குக் காரணம் எல்லோரும் ஒரே மாதிரி ஒடுக்கப்படுவது அல்ல. ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒருவரைக் காட்டிக்கொடுப்பது. குற்றப் பரம்பரை என்ற முத்திரையைச் சுமந்த சமூகங்களுக்குள்ளும், முத்திரை போன பிறகு, தனக்குக் கீழே ஒரு சேரியைத் தேடும் பழக்கம் வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். நமக்குள்ளும் அது இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

நமக்கு எதைப் பார்த்துப் பயப்படச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? டெமனைப் பார்த்து. கூட்டத்தை, சத்தத்தை, பறையை, கானாவை, பைக்கில் மூன்று பேர் போவதை, 'அந்த ஏரியா' பையன்களை. நாம் எதன் கீழ் வாழ்கிறோம்? டெவிலின் கீழ். அது சத்தம் போடாது. சட்டை கசங்காமல் வந்து, முகவரியைப் படித்துவிட்டு, 'உங்களுக்குத் தகவல் சொல்கிறோம்' என்று புன்னகையோடு சொல்லும். வீடு வாடகைக்குக் கேட்டால் 'சைவமா' என்று மட்டும் கேட்கும். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கரும் தோழர்களும் மனுஸ்மிருதியை எரித்தார்கள். எரிக்க எந்த அசுரனின் பொம்மையையும் அவர்கள் செய்யவில்லை. தீயில் இட்டது ஒரு சட்டப் புத்தகம். எதிரி ஒரு பிறவி அல்ல, ஒரு ஏற்பாடு என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஆகவே ராவணனை நல்லவனாக்கி ராமனைக் கெட்டவனாக்குவதோடு நம் வேலை முடிவதில்லை. ராவணனும் அரசன்தான். அவன் அரண்மனையையும் யாரோ பெருக்கியிருப்பார்கள். 'எப்போதும் தீயது' என்று எழுதும் அந்தக் கட்டமே புத்தகத்தில் இருக்கக் கூடாது. அதில் பிராமணக் குழந்தையையும் எழுதக் கூடாது. குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம், பிறப்புக்குக் கொடுக்க முடியாது. கொடுமை செய்கிற ஏற்பாட்டை உடைக்கலாம், உடைத்தே ஆக வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குள் பிறந்த குழந்தையைக் குகை மூலையில் வைத்து முடிக்க முடியாது.

எங்கள் காப்ளின் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூடினோம். 'முடிச்சிடலாம்' என்று சொன்ன நண்பர்தான் முதலில் பேசினார். அந்த இரண்டு வாரமும் தனக்குத் தூக்கம் சரியில்லை என்றார். மன்னிப்புக் கேட்டார். தோழி, "மன்னிப்பெல்லாம் வேணாம். அவங்க எதுக்குக் குகையில இருக்காங்கன்னு கேளுங்க" என்றார்.

அந்தக் கேள்வி ஆட்டத்தையே மாற்றியது. கதை நடத்தியவருக்கு அதற்குப் பதில் தயாராக இல்லை. அங்கேயே யோசித்து உருவாக்கினார். ஆற்றங்கரையில் இருந்தவர்களைக் கோட்டைக்காரர்கள் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அதே கரையில் கோட்டைக்காரர்கள் மாளிகை கட்டியிருக்கிறார்கள். தோழி சிரித்துவிட்டார். "இந்தக் கதை எனக்குத் தெரியும்" என்றார். ஏழு மாதமாக அந்தக் கோட்டையோடுதான் மோதிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஜெயிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் மேசைக்கு மூன்று விதிகள் எழுதி வைத்திருக்கிறோம். எந்த உயிருக்கும் பிறப்பால் குணம் எழுதுவதில்லை. எதிரி என்று யார் வந்தாலும், அவர் அங்கே எப்படி வந்தார் என்று யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டும். 'நல்ல காப்ளின்' என்று யாரையும் தனியாகப் பிரித்துப் பாராட்டுவதில்லை. மூன்றும் விளையாட்டுக்கான விதிகள்தான். ஆனால் மாடியிலிருந்து இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகும் அவை கூடவே வருகின்றன.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு ஒன்று. சாதியும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய விதிதான். ஐம்பது வருடத்தில் ஒரு விளையாட்டுப் புத்தகம், அதை விளையாடியவர்கள் விடாமல் கேட்ட கேள்வியால், தன் விதியைத் திருத்திக்கொள்ள முடிகிறது. நம் புத்தகம் பழையது, கனமானது, அதைக் காப்பவர்கள் அதிகம். ஆனால் அதுவும் புத்தகம்தான்.

இங்கே இருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் இப்படிப்பட்ட விளையாட்டுகளை நாமே எழுத வேண்டும். கோட்டையும் டிராகனும் கட்டாயமில்லை. ஏரியைக் காப்பாற்றும் ஊர், இரவில் தப்பிப்போகும் காதலர்கள், உருக்குலையில் இரும்பு காய்ச்சும் அசுர் மக்கள், எதுவானாலும் சரி. எழுதும்போது பெரும்பாக்கத்தையும் கண்ணகி நகரையும் பாவப்பட்ட எதிரிகளாக எழுதாதீர்கள். அங்கிருந்து வருகிறவர்களை அழைத்து உட்காரவைத்து, பகடையை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.